எண் ஒன்பது, உள்ளேன்

12 ஜூன் 2025, வியாழன்

இன்றும் ஏழு மணிக்குப் ‘பக்கத்துவீடு’ ஆப் திறக்கவில்லை. திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, நானும் காபி ஆறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழு இருபதுக்குத் திறந்ததும் ‘உள்ளேன்’ என்று ஒரு தடவை அடித்தேன். அது நாலு தடவை போட்டது. நான் என்ன நாலு பேரா?

மூன்று வருடத்துக்கு முன் கேஷவ் என்ற பையன் புனேத் தமிழர்களுக்காக இதைத் தொடங்கியபோது மொத்தமே முப்பத்தொரு பேர். நான் ஒன்பதாவது. சாகண் பேக்டரியில் வேலை பார்க்கும் ரஃபீக்தான் எங்கள் வாத்தியார். ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து, காலை ஏழு மணிக்கு ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடுவார். நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ‘உள்ளேன் ஐயா’ என்று எழுதுவோம். கிழடு தட்டின பிறகு என்ன விளையாட்டு என்று நானே சிரித்திருக்கிறேன்.

ஒருநாள் பதினேழாம் எண் பதில் சொல்லவில்லை. பாணேரில் தனியாக இருக்கும் விஸ்வேஸ்வரன் சார். ரஃபீக் பஸ்ஸை விட்டு இறங்கி, ரிக்‌ஷா பிடித்துப் போய்க் கதவை உடைத்தார். மனிதர் குளியலறையில் இடுப்பு உடைந்து கிடந்தாராம். அன்றோடு விளையாட்டு போயிற்று. வாகட்டில் இந்த எட்டாவது மாடியில் எனக்கும் யார் இருக்கிறார்கள்? நான் விழுந்தால் அந்த ஏழு மணிக்குத்தான் தெரியும்.

இப்போது அதில் அறுபதாயிரம் பேர்.

19 ஜூன்

திறக்கவே இல்லை. ஒன்பது மணிவரை பார்த்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

2 ஜூலை, புதன்

இந்த வாரம் மட்டும் பழைய எண்களில் ஐந்து பேர் விலகிவிட்டார்கள். போட்ட படம் காணவில்லை, எழுதியது இரண்டு நாள் கழித்து வருகிறது, யாருக்கோ எழுதியது யாருக்கோ போகிறது — யார்தான் இருப்பார்கள்? விஸ்வேஸ்வரன் சாருக்கு உள்ளே நுழையும் ஓ.டி.பி.யே வருவதில்லை. அவரும் விட்டுவிட்டார். ரஃபீக் எண் கூப்பிடுவதை எப்போதோ நிறுத்தியாயிற்று. அறுபதாயிரம் பேரை யார் கூப்பிடுவது?

கேஷவுக்கு போன் போட்டேன்.

“ஆன்ட்டி, ஏழு மணிக்கு எல்லாரும் சேம் டைம்ல உள்ளேன் போடறாங்க. அதுலதான் சர்வர் பைட் ஜாத்தா ஹை... உக்காந்துடுது.”

ஆக, எங்கள் வழக்கம்தான் அதைக் கொல்கிறது. அவன் குரலில் தூக்கமே இல்லை. திட்ட மனம் வரவில்லை.

9 ஜூலை

புது அறிவிப்பு: தினமும் வருகிறவர்களுக்கு இனி வருகை தானாகவே பதிவாகுமாம். நாம் எதுவும் அடிக்க வேண்டாம். ஏழு மணிக்கு என் பெயர் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி, ‘உள்ளேன்’.

உண்மையைச் சொன்னால், அப்பாடா என்றிருந்தது. சக்கரத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

10 ஜூலை

ரஃபீக்கும் விலகிவிட்டார். போன் செய்தார்.

“நாம சொல்லாமலே அது சொல்லும்னா, அப்புறம் எதுக்குக்கா அது?”

“விட்டுட்டு ஓடறது சுலபம். கூட நின்னு பாக்கறதுதான் கஷ்டம்” என்றேன். ‘சரிக்கா’ என்று வைத்துவிட்டார். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். என் வாய் இருக்கிறதே.

24 ஜூலை

காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது. கஞ்சி வைக்க எழுந்து, வைக்காமலே படுத்துவிட்டேன்.

25 ஜூலை

எழுந்தால் விழுகிறேன். போன் செத்துக் கிடக்கிறது, சார்ஜர் ஹாலில். மணி ஏழு தாண்டிவிட்டது. நான் எழுதவில்லையே — யாராவது பார்ப்பார்கள். யாராவது வருவாங்க.

26

யாரும் வரலை.

29 ஜூலை, செவ்வாய்

டெங்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நானே சுவரைப் பிடித்துக்கொண்டு லிப்ட்வரை வந்தேன். வாட்ச்மேன்தான் ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டார்.

இன்று நர்ஸிடம் சார்ஜர் வாங்கிப் போட்டுப் பக்கத்துவீட்டைத் திறந்தேன். வெண்ணெய் மாதிரித் திறந்தது. 25, 26, 27: சந்திரிகா, எண் 9, உள்ளேன். பச்சைப் புள்ளி. தரையில் கிடந்த நாளெல்லாம் நான் ஆஜர்! காய்ச்சலில் அந்தப் புள்ளியை மறந்தே போனேன். நான்தானே அப்பாடா என்றேன்?

கேஷவைக் கூப்பிட்டேன். திட்டத்தான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

“ஸாரி ஆன்ட்டி... அது உங்க பழக்கத்தைப் பாத்துப் போடுது. நீங்க ஒருநாளும் மிஸ் பண்ணதே இல்ல, அதான்” என்றான். அவனும் அழுதான் என்று நினைக்கிறேன். மூக்கை உறிஞ்சினான்.

11 ஆகஸ்ட்

கணக்கை அழித்துவிட்டேன். ‘நிச்சயமாகவா?’ என்று இரண்டு தடவை கேட்டது. மூன்று வருடம்.

பிறகு ரஃபீக்கிடம் மன்னிப்புக் கேட்டேன். “அட விடுங்கக்கா” என்றவர், அப்போதே ஒரு ஏற்பாடும் சொன்னார். தினமும் ஏழு பத்துக்கு விஸ்வேஸ்வரன் சார் எனக்கு ஒரு மிஸ்டு கால். நான் ரஃபீக்குக்கு. ரஃபீக் சாருக்கு. யாரும் எடுக்கக் கூடாது.

“எடுத்தா பேச்சு நீண்டுடும், எனக்கு பஸ் போயிடும்” என்றார்.

மூன்றே பேர். இது எத்தனை நாளைக்கோ.

28 ஆகஸ்ட், வியாழன்

ஏழு பத்துக்கு மணி அடிக்கவில்லை. ஏழே காலுக்கு நானே அடித்தேன், சார் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். செருப்பு எந்தக் காலில் எது என்று தெரியாமல் ஓடினேன். நேற்றுதான் கணபதி வைத்திருக்கிறார்கள், பாதி ரோடு பந்தல், மேலே மழை. ரிக்‌ஷாக்காரரிடம் “லவ்கர், காகா, லவ்கர்” என்று அவசரப்படுத்திக் கத்திக்கொண்டே போனேன். டெங்கு வாங்கின காலோடு மூன்று மாடி ஏறினேன்.

பெல் அடித்த உடனே கதவு திறந்தது. குளித்து, விபூதி பூசி, சட்டை மாற்றி நிற்கிறார். மேஜையில் மூன்று டம்ளர்.

“வந்துட்டீங்களா? வாங்க வாங்க.”

“என்ன சார் ஆச்சு? போன் என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலீங்க. வேணும்னேதான் அடிக்கலீங்க.” தலையைக் குனிந்துகொண்டார். “அன்னிக்கு ஆப் இருந்துச்சு, ரஃபீக் தம்பி வந்தாரு. இப்ப அது இல்லாமயும் வருவாங்களான்னு... பாக்கோணும்னு தோணுச்சுங்க.”

எனக்கு வந்ததே கோபம்! உங்களுக்கு அறிவிருக்கா சார், வழியெல்லாம் நான் செத்துச் செத்து வந்தேனே என்று பக்கத்து பிளாட் மராத்தி அம்மா எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அவர் காபியை ஊற்றினார். கத்தி முடித்ததும் உட்கார்ந்து குடித்தேன். பாதி புடவையில் கொட்டியது. இதே ஆசை எனக்கும் இரண்டு தடவை வந்திருக்கிறது. அதை அவரிடம் சொல்லவில்லை.

மூன்றாவது டம்ளரைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. ஓடி வந்த அவசரத்தில் நான் ரஃபீக்குக்கு அடிக்கவே இல்லை. பையைத் துழாவினேன். பதினோரு அழைப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டாவது வந்தது. எடுத்தேன்.

“அக்கா? அக்கா! உங்க வீட்டு வாசல்லதான் நிக்கறேன். கதவை உடைக்கட்டுமான்னு வாட்ச்மேன் கேக்கறார்—”

“உள்ளேன் ஐயா” என்றேன்.

அந்தப் பக்கம் வாட்ச்மேனிடம் “வேண்டாம், வேண்டாம்” என்று அவர் சொல்வது கேட்டது.

“பஸ் போயிடுச்சுக்கா” என்றார்.