பின்னால் போன டிரைவர் சீட்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகம்தானே. இங்கே உன் அம்மா முழு சுகம், நான் முக்கால் சுகம், மீதிக் கால் பங்கை வரும் திங்கட்கிழமை வெட்டி எடுக்கப்போகிறார்கள். பதறாதே, உட்கார்ந்து படி. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் அதட்டுவேன், உன் அம்மா நடுவில் போனைப் பிடுங்குவாள், கடைசியில் விஷயம் யாருக்கும் விளங்காது. அதனால் எழுதுகிறேன், அம்மா இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். நிறைமாதக்காரியிடம் இதைச் சொல்லவேண்டாம் என்றுதான் நான் இருந்தேன். "அவளுக்குத் தெரியாம உங்களை உள்ள அனுப்பிட்டு, நாளைக்கு அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்? சும்மா ஒரு கட்டின்னு மழுப்பி எழுதினீங்க, கிழிச்சுப் போட்டுட்டு நானே எழுதுவேன்" என்று உன் அம்மா பக்கத்திலேயே காவல் உட்கார்ந்திருக்கிறாள். ஆகவே உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். எனக்குக் கல்லீரலில் புற்றுநோய்.

இதை முதலில் மோப்பம் பிடித்தது சிட்டு. எனக்குப் பிறகு மாலை ஷிப்டில் அதே பஸ்ஸை ஓட்டும் பெண், ஆள் குட்டையாக இருப்பதால் டெப்போவே அவளை அப்படித்தான் கூப்பிடும். கொஞ்ச நாளாக ஸ்டியரிங் என் வயிற்றில் இடித்துக்கொண்டிருந்தது. டிரைவர் புத்தி எப்படிப் போகும்? வயிற்றைப் பார்க்கவில்லை, சீட்டைப் பின்னால் தள்ளினேன். சீட்டுக்குக் கீழே இருக்கும் தண்டவாளத்தில் ஒரு பல் தள்ளினேன், அதுவும் பற்றாமல் இன்னொரு பல். சாப்பாடு இறங்கவில்லை, சட்டைக் காலர் தொளதொளத்தது, எல்லாவற்றுக்கும் வெயில்தான் காரணம் என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். சிட்டுவுக்குத்தான் பிரேக் எட்டவில்லை. தினமும் சீட்டை முன்னால் இழுத்து அலுத்துப்போய் ஒருநாள் பஸ் படியிலேயே மறித்துக்கொண்டாள். "அண்ணே, கன்னம் ஒட்டிப்போச்சு, கழுத்தெலும்பு தெரியுது, சீட்டு மட்டும் பின்னாலயே போகுதே, உள்ள யாரைக் குடி வச்சிருக்கீங்க?" என்றாள். தொப்பை என்றேன். "தொப்பைன்னா நடுவுல இருக்கும், உங்களுக்கு வலப்பக்கம் மட்டும் தூக்கிக்கிட்டு நிக்குது" என்று சொல்லிவிட்டு, நான் இறங்குவதற்குள் உன் அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டாள். அப்புறம் கேட்க வேண்டுமா, அன்றைக்கே அம்மா என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் நிறுத்தினாள்.

ஸ்கேன் அறை ஏ.சி. பஸ்ஸைவிடக் குளிர்ச்சி. கல்லீரலின் வலப்பக்கத்தில் என் இரண்டு கைமுட்டி அளவுக்கு ஒரு கட்டி. பார்த்ததும் சின்ன டாக்டர், "ஐயா, எவ்வளவு குடிப்பீங்க?" என்று கேட்டார். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை என்றேன். தலையாட்டிவிட்டு அதே கேள்வியை மெதுவாக அம்மாவிடம் கேட்டார். வந்ததே கோபம் அவளுக்கு. "இவரு தினமும் மெஷின்ல ஊதிக் காட்டிட்டுத்தான் பஸ்ஸை எடுக்கிறாரு, நீங்க ஊதிட்டா கத்தியை எடுக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டாள். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு மன்னிப்பும் கேட்டது. டெப்போக்காரர்களுக்கு அந்த நாகரிகம் இல்லை. கல்லீரல் என்றதும், உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும் என்று கேன்டீனில் ஒரே பேச்சு. டைம் கீப்பர்தான் அதற்குத் தலைவர். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று அம்மா சொன்னாள், எனக்கு மனசு ஆறவில்லை. விடுப்புச் சொல்லப் போன அன்று, வண்டி எடுக்கப் போவதில்லை என்றாலும் எல்லோர் முன்னாலும் மெஷினை வாங்கி ஊதினேன். பூஜ்யம். அப்படியே குழாயை மாற்றி டைம் கீப்பரிடம் நீட்டினேன். ஏதோ அவசர வேலை என்று உள்ளே போனவர் நான் கிளம்பும்வரை வெளியே தலைகாட்டவில்லை.

ரத்தப் பரிசோதனை எல்லாம் சுத்தம். மஞ்சள் காமாலைக் கிருமி இல்லை, வழக்கமான கல்லீரல் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் அளவு ஒன்று ரத்தத்தில் ஏறும் என்கிறார்கள், அதுவும் ஏறவில்லை. கட்டியைச் சுற்றியுள்ள ஈரல் வாலிபப் பையனுடையது மாதிரி இருக்கிறதாம். கட்டியின் நடுவே நட்சத்திரம் போல ஒரு தழும்பு தெரிந்ததால், ஒன்றும் செய்யாத சாதுக் கட்டியாகவும் இருக்கலாம் என்று முதலில் நினைத்தார்கள். ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்ததில்தான் அது சாது இல்லை என்று தெரிந்தது. வாயில் நுழையாத பெயர். இது வருவதே அபூர்வம், வந்தாலும் இளவட்டங்களுக்குத்தான் வரும், உங்கள் வயதில் அபூர்வத்திலும் அபூர்வம் என்றார் டாக்டர். "வயசுக்கேத்த காரியம் எதை இவரு செஞ்சிருக்காரு, இதைச் செய்யறதுக்கு" என்றாள் உன் அம்மா. பரம்பரையாகப் பிள்ளைகளுக்கு வருமா என்று கேட்டேன். அப்படி வருவதில்லை என்று சொன்னார், நம்பிக்கை வராமல் திரும்பவும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அந்தக் கவலையை நீ விட்டுவிடு.

முதலில் பார்த்த சர்ஜன், கட்டி பெரிசு, வெட்டிவிட்டு மிஞ்சுகிற ஈரல் போதாது, இருக்கிறவரை இப்படியே ஓட்டுங்கள் என்றார். உன் மாமாவும் வந்து, கத்தி பட்டால் பரவிவிடும் என்று பயம் காட்டிவிட்டுப் போனார். பிரேக் இல்லாத வண்டியை இருக்கிறவரை ஓட்டு என்றால் நான் ஓட்டுவேனா? தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று இன்னொரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு சர்ஜன் அம்மா, பேச்சில் படு சிக்கனம். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இடப்பக்கத்தை வளர்த்துட்டு வெட்டலாம்" என்றார். வலப்பக்கத்துக்கு ரத்தம் போகும் குழாயை ஊசி வழியாக அடைத்துவிட்டார்கள். ஒரு ரோட்டை அடைத்தால் வண்டியெல்லாம் அடுத்த ரோட்டில் போகுமே, அதுபோல ரத்தம் முழுக்க இடப்பக்கம் பாய்ந்து அது வளர வேண்டும். வளராவிட்டால் ஆபரேஷன் கிடையாது. அந்தக் காத்திருப்பில்தான் மகளே நான் பயந்தேன். ரோட்டில் எத்தனையோ பார்த்தவன், பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். நேற்று மறுபடி ஸ்கேன். சர்ஜன் அம்மா முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்து, "வளர்ந்திருக்கு, எடுத்துடலாம்" என்றார். பக்கத்து நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுப்பார்களாம். பிறகும் இது திரும்ப வரக்கூடும், விடாமல் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். வரட்டும், வந்தால் மறுபடி மல்லுக்கட்டுவோம், வழிவிடுகிற பழக்கம் எனக்கு ஆம்புலன்ஸுக்கு மட்டும்தான்.

இந்த மாதத்தில் உன்னை விமானத்தில் ஏற்றமாட்டார்கள், அதனால் வருகிறேன் என்று மாப்பிள்ளையைப் போட்டுப் படுத்தாதே. வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி போனை நோண்டாமல் தூங்கு. திங்கட்கிழமை உன் அம்மாவோடு சிட்டு இருப்பாள், லீவு போட்டுவிட்டாள். நேற்று வந்தபோது, சீட்டுக்குக் கீழே தண்டவாளத்தில் நான் பழைய காலத்தில் வைத்திருந்த பல்லுக்கு நேராக வெள்ளைப் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்திருப்பதாகச் சொன்னாள். "வயித்தைக் காலி பண்ணிட்டு வந்து இந்த இடத்துல உட்காருங்கண்ணே, அதுவரைக்கும் சீட்டு என் கால் அளவுலதான் இருக்கும்" என்றாள். சரி என்று கையடித்துக் கொடுத்திருக்கிறேன், உனக்கும் அதே வாக்குத்தான்.

உனக்கு வலி தெரியாமல் சுகமாகப் பிரசவமாக வேண்டும், தாயும் பிள்ளையும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராக என் பஸ்ஸுக்கு வந்து, எனக்குப் பின்னால் இருக்கிற முதல் சீட்டில் உட்கார். டிரைவர் மகள் என்று ஓசியில் ஏறாதே, மடியில் இருக்கிற பிள்ளைக்குத்தான் டிக்கெட் கிடையாது, உனக்கு உண்டு.

இப்படிக்கு,
திங்கட்கிழமைக்கு முன்னும் பின்னும்
உன் அப்பா