சூசைப்பிள்ளையின் படகுக்கு மூன்று மெத்தைகள்

1931 ஏப்ரல் 13, திங்கள்

காலையிலேயே வெக்கை. இலை அசையவில்லை. வீட்டுக்காரருக்குக் கஞ்சி கொடுத்து, புரட்டிப் படுக்கவைத்து, பக்கத்து வீட்டுத் தங்கம்மையைத் துணைக்கு இருத்திவிட்டுக் கடியப்பட்டணம் போனேன். சூசைப்பிள்ளையின் படகைப் பார்க்க.

கரையில் உருளைக் கட்டைமேல் ஏற்றி வைத்திருக்கிறார். குளச்சலில் வியாபாரம் செய்த ஒரு துரை ஊர் திரும்பும்போது விற்றுப்போன பாய்ப்படகு. நம் வள்ளம்போல் இல்லை. நடுவில் ஓர் உள்ளறை. இரண்டு பக்கமும் ஆள் நீட்டிப் படுக்கிற பலகை, மூக்குப் பக்கம் முக்கோணமாக இன்னொன்று. மூன்றிலும் மெத்தை. மெத்தை என்று சொல்லக்கூடாது. பச்சைத் துணி தொட்டால் பொடியாகிறது. பூசணம். ஒரு மூலையில் எலி குட்டி போட்டிருக்கிறது.

பேச்சு முடிந்தது. மூன்று மெத்தையையும் நான் புதிதாக்கித் தரவேண்டும். அதற்குப் பதிலாக, மழைக்கு முன்னால் சூசைப்பிள்ளை அவரைக் கிடத்தியபடியே வலியதுறைவரை கொண்டுபோவார். அங்கிருந்து திருவனந்தபுரம் ஆஸ்பத்திரி பக்கம்.

"துணி கிணி வாங்க எங்கிட்ட கேக்கப்பிடாது வாத்தியாரம்மா. படகு வாங்குனதிலயே நான் முங்கிப்போனேன். படகுப் பாய் கிழிஞ்சது ஒண்ணு கெடக்கு. வேணும்னா அத எடுத்துக்கிடுங்க" என்றார்.

ரோட்டு வழி முடியாது. ஜனவரியில், பள்ளிக்கூடத்துக் கூரையில் ஓடு மாற்ற ஏறி விழுந்தவரை வில்வண்டியில் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொரு குழிக்கும் அவர் போட்ட சத்தம். திரும்பி வரும்போது சத்தமே இல்லை, மயங்கிவிட்டார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர் முதுகெலும்பைத் திறந்து சரி செய்கிறாராம். பார்க்க வந்த யாரோ சொன்னது. அன்றிலிருந்து அவருக்கு அதே பேச்சு.

எனக்கு நம்பிக்கை இல்லை. இங்கே எழுதலாம். அவரிடம் சொல்ல முடியாது.

ஏப்ரல் 15, புதன்

மெத்தைகள் வந்துசேர்ந்தன. சூ.பி.யின் ஆட்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அவ்வளவு நாற்றம்.

பிரித்தேன். நூல் எல்லாம் இற்றுப்போனது, கத்தரிக்கோலே வேண்டியிருக்கவில்லை. உள்ளே கறுப்பாகச் சுருள்சுருளாக. தங்கம்மை பயந்து எழுந்துவிட்டாள். குதிரை ரோமம். அவர்தான் கட்டிலில் கிடந்தபடி கண்டுபிடித்தார். அது அழுகாதாம், கழுவிக் காயவைத்துப் பிரித்துவிட்டால் மறுபடி திணிக்கலாமாம்.

கிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்துக் கழுவினேன். உப்பு போகவேண்டும். உப்பு இருந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஐந்தாறு தண்ணீர் மாற்றியும் நாக்கில் வைத்தால் கரிக்கிறது. கை முழுவதும் சிராய்ப்பு.

துணி உறைகளைத் தூர எறியவில்லை. அதுதான் அளவு.

அவர் இன்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார். "வலியதுறையில பாலம் உண்டு எஸ்தர். கடலுக்குள்ள நீண்டு கெடக்கும். படகு நேரா அதில போய் நிக்கும், கேட்டியா" என்றார். கேட்டேன்.

ஏப்ரல் 18, சனி

கருங்கல் போய் வந்தேன். கால் வலி.

ரோமம் ஒரு மெத்தைக்குத்தான் வரும். இலவம்பஞ்சு விலை கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தேன். கடைக்காரர் பின்னாலிருந்து கூப்பிட்டுக் குறைத்தார். அப்போதும் எட்டவில்லை. கொஞ்சம் மட்டும் வாங்கினேன். மீதிக்குத் தென்னந்தும்பு. தும்பு அடியில், அதன்மேல் ரோமம், தோலுக்குப் பக்கத்தில் பஞ்சு. அப்படித்தான் செய்யவேண்டும்.

வாங்கியவை: மெழுகு நூல், கோணி ஊசி இரண்டு, பஞ்சு. வேப்பெண்ணெய் மறந்துவிட்டேன், அவர் படுக்கைப்புண்ணுக்கு.

மெத்தையை அங்கங்கே இறுக்கிப் பிடிக்கப் பொத்தான் வாங்கவில்லை. தேங்காய்ச் சிரட்டையை வட்டமாக உடைத்து, கல்லில் உரைத்து, துளை போட்டுக்கொள்ளலாம்.

மழை இல்லை. இடி மட்டும்.

ஏப்ரல் 21, செவ்வாய்

சூ.பி. தந்த பாயை அவிழ்த்து முற்றத்தில் விரித்தேன். செம்பழுப்பு நிறம். நடுவில் நைந்துவிட்டது, ஓரங்கள் கெட்டி. ஒட்டுப்போட்ட இடங்களைத் தவிர்த்து வெட்டினால் மூன்றுக்கும் வரும்போல. அடிப்பக்கத்துக்குச் சாக்கு போதும், யார் பார்க்கப்போகிறார்கள்.

கட்டிலிலிருந்து அவர்: "ஓரத்துக்கு நீலத்தில ஒரு கரை வச்சு தை. தொரைமாரு படகு மாதிரி இருக்கண்டாமா."

நீலத்துக்கு எங்கே போவேன். என் பழைய சேலையில் கிழித்தேன்.

மத்தியானம் கம்பவுண்டர் ஞானமுத்து வந்து புண் கட்டினார். மாதம் இருமுறை மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர். கட்டி முடித்ததும் என்னை ஜன்னலுக்கு வெளியே கூப்பிட்டார். இடுப்பில் உள்ள படுக்கைப்புண் எலும்புவரை போய்விட்டது. ஓரம் கறுத்திருக்கிறது.

"படகில கொண்டுபோலாமா?" என்று கேட்டேன்.

"போவாதீங்கன்னு நான் சொல்லமாட்டேன் அம்மா. போனா என்ன கிடைக்கும்னு கேட்டா, அதுக்கும் எங்கிட்ட பதில் இல்ல."

வீட்டுக்குள் வந்து ஊசியில் நூல் கோத்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

க.பட்டணம். முக்கோண மெத்தையைப் பொருத்திப் பார்க்க எடுத்துப்போனேன். பொருந்தவில்லை.

படகின் பக்கம் நேராக நிற்கவில்லை, மேலே வர வர வெளியே சாய்கிறது. நான் செங்குத்தாகத் தைத்திருக்கிறேன். அடி சரியாக உட்கார்ந்தது, மேலே ஒரு கை அகலம் இடைவெளி. பழைய உறை அளவுதானே என்று இருந்துவிட்டேன். அது சுருங்கிப்போன உறை.

அறைக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சூ.பி.யின் மனைவி லூசியாள் மீன் கூடையை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"என்னத்துக்கு இப்பிடி இருக்கிய? ஒரு துண்டுதானே? பிரிச்சு சேருங்க. நான் பிடிக்கேன்."

மீன் வாடையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அங்கேயே பிரித்து, சாய்வாக ஒரு பட்டை சேர்த்துத் தைத்தேன். இடையில் அவள், "வாத்தியாரு சொகமாயிருவாரா?" என்றாள்.

இல்லை என்றேன். வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் துணியை விடவில்லை. "நூலு முறுகுது பாருங்க" என்றாள்.

ஏப்ரல் 27, திங்கள்

நீள மெத்தை ஒன்று முடிந்தது. அவருக்கானது. நடுவில், இடுப்பு வரும் இடத்தில், ஒரு துண்டைத் தனியாகத் தைத்திருக்கிறேன். எடுத்துவிட்டால் அங்கே பள்ளம். புண் எதிலும் படாது.

தங்கம்மையும் அவள் புருஷனும் பிடிக்க, கட்டிலில் விரித்து அவரைக் கிடத்தினோம். "கொள்ளாம், நல்லா இருக்கு" என்றார். பட்டப்பகலில் தூங்கிவிட்டார். விழுந்த பிறகு அப்படித் தூங்கியதில்லை.

நானும் சுவரில் சாய்ந்தபடி தூங்கியிருக்கிறேன். அடுப்பில் சோறு கரிந்துவிட்டது.

மே 1, வெள்ளி

மூன்றும் முடிந்தன. விரலில் தோல் இல்லை. கரை ஒரே சீராக இல்லை, ஒரு பக்கம் நீலம் வெளுத்தது. சேலையின் மடிப்பில் இருந்த பகுதி.

சூ.பி. வந்து பார்த்தார். தடவினார், அழுத்தினார், கரையைப் பார்த்துச் சிரித்தார். செவ்வாய்க்கிழமை என்று முடிவு. தூக்க ஆள், கரையிலிருந்து ஏற்ற வள்ளம், எல்லாம் சூ.பி. பொறுப்பு. மெத்தை மூன்றையும் அவர் ஆட்கள் படகுக்குக் கொண்டுபோனார்கள்.

மாலையில் கட்டிலில் கிடந்தவரின் உடம்பு சுட்டது.

மே 3, ஞாயிறு

காய்ச்சல் விடவில்லை. கோவிலுக்கு நான் போகவில்லை. ஜெபத்தில் அவர் பெயரைச் சொன்னார்களாம், பிரயாணத்துக்காக. தங்கம்மை வந்து சொன்னாள்.

தெற்கிலிருந்து காற்று. தென்னைகளின் சத்தம் மாறிவிட்டது. ஈரத்துணி போட்டு மாற்றி மாற்றி...

கட்டிவைத்தது: வேஷ்டி நான்கு, வேதாகமம், பஞ்சு, கஷாயம், விசிறி.

மே 5, செவ்வாய்

விடியுமுன் புறப்பட்டோம். கட்டிலோடு நான்குபேர் தூக்கினார்கள். மணவாளக்குறிச்சி தாண்டும்போதே கடல் இரைச்சல் கேட்டது. அப்போதே தெரிந்தது எனக்கு.

அலை கரைக்கு மேலேயே வந்து உடைகிறது. ஒரு கட்டுமரமும் கடலில் இறங்கவில்லை. சூ.பி. கரையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"நேத்து நல்லாத்தான் கெடந்தது வாத்தியாரம்மா. இந்த அலையில படக எறக்கினா கவுந்துபோவும். சொகமா இருக்கவனே நீந்தமாட்டான். இனி மழ கழியட்டு."

மழை கழிய ஆகஸ்ட் ஆகும்.

கட்டிலில் கிடந்தபடி அவர்தான் பேசினார். "சூச, என்ன படகுக்குள்ள ஏத்து."

"கடலு இப்பிடி நிக்குதே வாத்தியாரே."

"கடலில வேண்டாம். மணலில நிக்குல்லா, அதில ஏத்து. கொஞ்சநேரம் கெடக்கேன்."

ஏற்றினார்கள். நடுத்துண்டை எடுத்துவிட்டு அவரைக் கிடத்தினேன். மற்றவர்கள் இறங்கிப்போனார்கள். உள்ளறையில் நாங்கள் இருவர் மட்டும். வட்டமான சிறிய ஜன்னல் வழியாகக் கடல் தெரிந்தது. மெத்தைகளில் புதுத்தும்பின் வாசம்.

"நல்லா தைச்சிருக்க" என்றார். பிறகு, "எஸ்தர், அந்த டாக்டரு பேருகூட எனக்குத் தெரியாது" என்றார்.

"பின்ன எதுக்கு அதையே சொல்லிக்கிட்டு இருந்திய?"

"மொதல்ல நம்பத்தான் செஞ்சேன். கம்பவுண்டரு ஜன்னலுக்கு வெளிய நின்னு சொன்னது எனக்குக் கேட்டுது. பொறவு நீ அங்ஙன ஒக்காந்து தைச்சுக்கிட்டே இருந்த. நீ நம்புகன்னு நெனச்சேன். நிறுத்துன்னு சொல்ல மனசு வரல்ல."

"நான் நீங்க நம்புகியன்னுல்லா தைச்சேன்."

அவர் சிரித்தார். எனக்கு வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். காய்ச்சலில் கை கொதித்தது. திருவனந்தபுரத்தைப் பற்றி அதன்பின் பேச்சில்லை. கல்யாணம் ஆன புதிதில் ஆரல்வாய்மொழியில் என் அண்ணன் வீட்டுக்குப் போனது, காற்று அவர் குடையைப் பறித்துக்கொண்டு போனது, அதையெல்லாம் சொன்னார். லூசியாள் கஞ்சி கொண்டுவந்து ஏறிக் கொடுத்தாள். ஒரு கரண்டி குடித்தார்.

வெயில் சாய்ந்ததும் தூக்கிக்கொண்டு வீடு வந்தோம். மெத்தை படகிலேயே கிடக்கிறது.

மே 8, வெள்ளி

மழை. காலம் தப்பி. அவருக்கு என்னை அடையாளம் தெரிகிறது, மற்றவர்களைத் தெரியவில்லை.

லூசியாள் நனைந்துகொண்டு நீள மெத்தையைத் தலைமேல் கொண்டுவந்தாள். மேலே தாழம்பாய் சுற்றியிருந்தாள், மெத்தை நனையவில்லை. சூ.பி.க்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரிஞ்சா என்ன" என்றாள். அவரை அதில் கிடத்தினோம்.

மே 11, திங்கள்

விடியும் நேரத்தில். நான் பக்கத்தில் இருந்தேன்.

மே 12, செவ்வாய்

அடக்கம் முடிந்தது. பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள், அவர் வகுப்புப் பிள்ளைகள். சூ.பி. கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றார். அவர் வேறு சபை. உள்ளே வரலாமா என்று யாரிடமும் கேட்கவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை. மழையில் நின்றார். திரும்பும்போது கூப்பிடாமல் போனோமே என்றிருந்தது.

மே 19, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. மெத்தை உறையைக் கழுவிக் காயவைத்துத் திரும்ப அனுப்பினேன். பஞ்சு மாற்றினேன்.

இந்த வீடு பள்ளிக்கூடத்து வீடு. புதிய வாத்தியார் வருகிறார், இடம் வேண்டும் என்று ஆள் வந்து சொல்லிப்போனது. மரியாதையாகத்தான் சொன்னார்கள். அண்ணன் வண்டி அனுப்புகிறான். ஆரல்வாய்மொழியில் அண்ணி, அவள் பிள்ளைகள் ஆறுபேர், ஒரு அறை.

மே 26, செவ்வாய்

மழை விட்டு விட்டு. புதிய வாத்தியார் சொன்ன நாளுக்கு முந்தியே வந்துவிட்டார். சின்ன வயது. மனைவிக்கு ஏழோ எட்டோ மாதம். இருவரும் வாசலில் மூட்டையோடு நனைந்து நின்றார்கள், உள்ளே வரக் கூச்சம். கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி போட்டேன்.

அந்தப் பெண் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அக்கா, இந்தக் கட்டில நீங்க கொண்டுபோறியளா? எனக்கு தரையில படுத்தா எந்திரிக்க முடியல்ல" என்றாள்.

அவர் கிடந்து போன கட்டில் அது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

கொண்டுபோகவில்லை, கிடக்கட்டும் என்றேன். கட்டிலின் கயிறு தளர்ந்து கிடக்கிறது, அப்படியே படுத்தால் முதுகு வலிக்கும். வண்டிக்காரன் வெளியே அவசரப்படுத்துகிறான். இறுக்கிக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும்.