கரட்டின் உயரம்

பேத்தி நேற்று லேப்டாப்பில் ஒரு பீரங்கியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிளஸ் ஒன் இயற்பியல், எறிபொருள் பாடம். கோணத்தை மாற்ற மாற்ற குண்டு வேறு வேறு இடத்தில் விழுந்தது. பிறகு பீரங்கியை விரலால் இழுத்து ஒரு மேட்டின் மேல் ஏற்றினாள். “பாரு ஆயா, மேல இருந்து வுட்டா இன்னும் தூரமா போவுது” என்றாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன், டீச்சர்.

எண்பதுகளின் பின்பாதியில் நம் பெண்கள் பள்ளிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. இயற்பியல் டீச்சர் என்று பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். தையல் டீச்சரான உங்களுக்குக் கம்ப்யூட்டர் அறையில் வேலையே இல்லை. ஆனாலும் சாப்பாட்டு வேளையில் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து என் பின்னால் நிற்பீர்கள். வேகத்தையும் கோணத்தையும் கொடுத்தால் திரையில் புள்ளி புள்ளியாக ஒரு வளைவு வரையும் புரோகிராம் ஒன்றை நான் எழுதியிருந்தேன். பிள்ளைகளைவிட நீங்கள்தான் அதில் எண்களை அதிகம் மாற்றிப் பார்த்தீர்கள். ஏன் என்பது பிறகுதான் தெரிந்தது.

காரிமங்கலத்துக்கு வெளியே, கரடு என்று நாம் சொல்லும் பாறைக் குன்றுக்குச் சற்றுத் தள்ளி, ஓடைக்கு இந்தப் பக்கம் உங்கள் வீடு. அந்த வருஷம் கரட்டின் மேல் கல் குவாரி திறந்திருந்தார்கள். மத்தியானம் விசில் ஊதி வெடி வைப்பார்கள். நடுவில் இருக்கும் ஓடையில் புதுக் கற்கள் கிடப்பதைப் பார்த்து உங்கள் கணவர் போய்க் கேட்டாராம். வீடு வரைக்கும் வராது என்று மேஸ்திரி சொல்லி அனுப்பிவிட்டார். நீங்கள் நம்பவில்லை. கரட்டடியிலிருந்து வீடு வரை காலடியால் அளந்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தீர்கள். வெடியில் கல் கிளம்பும் வேகத்தை நான் ஒரு புத்தகத்தில் தேடி எடுத்தேன். எந்தக் கோணத்தில் விட்டாலும் புள்ளிகள் ஓடையைத் தாண்டியதும் தரையில் இறங்கிவிட்டன.

“பயப்படாதீங்க டீச்சர். இதுல காத்தே இல்ல. நெசத்துல காத்து தடுக்கும், இன்னும் கிட்டவே வுழுந்துடும்” என்றேன்.

நீங்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். “இதுல தரையில இருந்துதானுங்களே கெளம்புது? குவாரி மேல இல்ல இருக்குது?”

பத்துப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் பெரிதாக ஒன்றும் மாறாது, பரீட்சை முடியட்டும், சேர்த்துப் பார்க்கலாம் என்றேன். தலையாட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனீர்கள்.

பரீட்சை முடிவதற்குள் ஒரு சனிக்கிழமை வந்தது. விசில் ஊதிய பிறகும் நீங்கள் உள்ளே போகவில்லை, கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். தேங்காய் அளவுக் கல். தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. திங்கட்கிழமை பஸ்ஸில்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள்.

அன்று கம்ப்யூட்டர் அறையை உள்ளே தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கரட்டின் உயரத்தைச் சேர்க்க ஒரே ஒரு வரி போதுமாக இருந்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. புள்ளிகள் ஓடையைத் தாண்டி, உங்கள் வீட்டையும் தாண்டிப் போயின.

விசாரணைக்கு வந்தவர்கள் எதிர்பாராத விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். அது எதிர்பார்த்திருக்கக் கூடியதுதான் என்று காட்டும் கணக்கு என்னிடம் இருந்தது. நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் உங்களிடம் சொன்னதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

காரியத்துக்குப் பிறகு ஒருநாள் உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் கணவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். “விசில் சத்தம் கேட்டாலே நடுங்குவா. நீங்க கம்ப்யூட்டர்ல பாத்துச் சொன்ன பொறவுதாங்க பயமில்லாம இருந்தா” என்று சொல்லிக் கைகூப்பினார். அவர் நன்றி சொல்கிறார் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அவரும் இப்போது இல்லை. அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் கேட்டது சரி, டீச்சர். கேட்ட அந்த நிமிஷமே எனக்குத் தெரியும்.