அரிசிக் கப்பில் அளந்த வைன்

என் அன்புச் சம்பந்தியம்மா,

மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் அம்மாவுக்கு இப்படியொரு கடிதம் எழுதுவது எந்த ஊர் வழக்கமோ, தெரியவில்லை. நமக்குள் எதுதான் வழக்கப்படி நடந்தது? நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் போன சனிக்கிழமைவரை உங்கள் தாரிணி சௌக்கியமாக இல்லை. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உங்கள் ஜெர்சி சிட்டி அபார்ட்மென்டில் நடந்த அந்த முதல் விருந்து நினைவிருக்கிறதா? நீங்கள் பால் பாயசம் ஊற்றினீர்கள். சம்பந்தி வீட்டில் முதல்முதலாகக் கை நனைக்கும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? குடித்தேன். நான் கொண்டுவந்த அதிரசத்தை நீங்களும் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டீர்கள். இரண்டு பேருக்கும் சர்க்கரை, இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் உங்கள் போன் அலறியது. அது அடங்குவதற்குள் என் போனும் அலறியது. ரவிக்கைக் கைக்குள் ஒளித்து வைத்திருந்த, சர்க்கரையை அளக்கும் சென்சார்கள் இரண்டும் சேர்ந்து நம் மானத்தை வாங்கிவிட்டன. "அட, உங்களுக்குமா?" என்று கேட்டீர்கள். அப்புறம் சிரித்தோம் பாருங்கள், என்னவோ ஏதோவென்று பிள்ளைகள் ஓடி வந்தார்கள்.

வைன் என்ற ஒன்றை எனக்குக் காட்டியதே நீங்கள்தான். அதுவரை அது ஆங்கிலப் படத்தில் வருகிறவர்கள் குடிப்பது என்றே இருந்தேன். நீங்களோ டாக்டரிடமே நேராகக் கேட்டிருந்தீர்கள். இனிப்பில்லாத சிவப்பு வைன், அதுவும் கொஞ்சம்தான், சாப்பாட்டோடுதான், சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டுதான் என்று அவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டீர்கள். ரைஸ் குக்கரோடு வரும் கப்பில் முக்கால் அளந்து ஊற்றுவீர்கள். "கண்ணளவுக்கு ஊத்தினா கண்ணு பெருசாயிடும் சம்பந்தி" என்பீர்கள். சுண்டலோ அடையோ உள்ளே போகாமல் என் கையில் கிளாஸைக் கொடுத்ததே இல்லை. அந்தச் சனிக்கிழமைகள் எவ்வளவு நன்றாக இருந்தன! இத்தனை வயதுக்கு மேல் எனக்கு ஒரு சிநேகிதி கிடைப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை.

நீங்கள் போனதற்குக் காரணம் இதயத்தில் பிறவியிலேயே இருந்த கோளாறு என்றுதான் டாக்டர்கள் சொன்னார்கள். தாரிணி காதில் அது ஏறவில்லை. உங்கள் அபார்ட்மென்டைக் காலி செய்யும்போது சமையலறை அலமாரியில் இரண்டு பாட்டில்களைப் பார்த்துவிட்டாள். அங்கேயே நின்று இரண்டையும் சிங்கில் கொட்டினாள்.

"ஷி ஹாட் டயபடீஸ், அத்தை. தெரிஞ்சும் குடிச்சிருக்காங்க. என்னைப் பத்தி ஒரு நிமிஷம் யோசிச்சாங்களா?"

அதற்குப் பிறகு உங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவாள். உங்களைப் போய் அஜாக்கிரதை என்று நினைக்கிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. ஒற்றை ஆளாய் அவளை வளர்த்த உங்களுக்கா இந்தப் பெயர்? ஆனால் என் வாயைத்தான் நீங்கள் கட்டிப்போட்டிருந்தீர்களே.

போன சனிக்கிழமை, வரப்போகும் உங்கள் திதிக்கு என்ன சமைப்பது என்று கேட்க வந்தாள். "அம்மாவுக்குப் பிடிச்சது எதுவும் வேண்டாம், சிம்பிளா பண்ணலாம்" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. கையைப் பிடித்து உட்காரவைத்து, அந்த ஆடிக் கிருத்திகைக் கதையைச் சொல்லிவிட்டேன். மன்னித்துவிடுங்கள், சத்தியத்தை மீறிவிட்டேன்.

அன்று பகல் முழுக்க நான் பட்டினி. சர்க்கரைக்கான மாத்திரையை மட்டும் பழக்கதோஷத்தில் போட்டுக்கொண்டேன். பூஜை முடிந்தும் நீங்கள் டர்ன்பைக் நெடுஞ்சாலை டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருந்தீர்கள். சம்பந்தி வராமல் இலையில் உட்காரலாமா? ஆனால் வைன் சாப்பாடு இல்லையே. விரதத்துக்குப் பழம் ஆகும், இதுவும் திராட்சைதானே, முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று நானே ஒரு சாஸ்திரம் எழுதி, வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் குடித்துவிட்டேன். போன் மாடியில் சார்ஜரில் கிடந்தது. அது கத்தியிருந்தாலும் யார் கேட்டது?

கார்த்திக் வந்தபோது எனக்கு நாக்குக் குழறுகிறது, மைக்ரோவேவைப் பார்த்துச் சிரிக்கிறேன். பெற்ற பிள்ளையே, "அம்மா, என்னம்மா இப்படிக் குடிச்சிருக்க?" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். அந்த நேரத்தில்தான் நீங்கள் உள்ளே வந்தீர்கள். என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தீர்கள், வேர்வையில் நனைந்திருந்தது.

"போதை இல்லப்பா, சுகர் இறங்கிடுச்சு. அந்தப் பஞ்சாமிர்தத்தை எடு, சீக்கிரம்."

நைவேத்தியத்துக்கு வைத்ததைக் கரண்டி கரண்டியாக ஊட்டினீர்கள். "முழுங்குங்க சம்பந்தி, முழுங்குங்க" என்ற உங்கள் குரல்தான் எனக்கு முதலில் கேட்டது. தாரிணி அப்போது வேலை விஷயமாகக் கலிஃபோர்னியா போயிருந்தாள். "அவகிட்ட மூச்சு விடாதீங்க, என்னை நினைச்சும் பயப்பட ஆரம்பிச்சுடுவா" என்று என்னிடமும் கார்த்திக்கிடமும் சத்தியம் வாங்கினீர்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "உங்கம்மா ஒழுங்கா குடிக்கத் தெரிஞ்சவடி. அவ இல்லேன்னா அன்னிக்கு நான் போயிருப்பேன்" என்றேன். தாரிணி அழுதாள். நீங்கள் போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

"ஏன் அத்தை என்கிட்ட மறைச்சாங்க?"

"நீ பயப்படுவேன்னுதான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "அத்தை, எனக்கும் சுகர் பார்டர்லைன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. கார்த்திக்கிட்டகூட சொல்லல. அவன் பயந்துடுவான்."

உங்கள் பெண்தான், சந்தேகமே இல்லை! எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இத்தனை மாதம் அவள் இளைத்துக்கொண்டே போனதை உங்களை இழந்த துக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே. "ரைஸைப் பார்த்தாலே பயமா இருக்கு அத்தை. நானும் அம்மா மாதிரி ஆயிடுவேனோன்னு இருக்கு" என்றாள்.

"உங்கம்மா மாதிரி ஆயிட்டா நல்லதுதான். அவ எதுக்கும் பயந்ததில்ல, எதையும் அளவு மிஞ்சவிட்டதும் இல்ல" என்று சொல்லித் தட்டை வைத்தேன். ஒரு கரண்டி சாதம், அதற்கு மேல் கீரையும் அவரைக்காய்ப் பொரியலும். முதலில் பிசைந்துகொண்டே இருந்தாள். அப்புறம் சாப்பிட்டாள், சம்பந்தியம்மா. பொரியலை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் டாக்டரிடம் அவளோடு நானும் போகிறேன். கார்த்திக்கிடம் அவளே சொல்லிவிட்டாள். வைன் குடிப்பதும் குடிக்காததும் அவள் இஷ்டம். ஆனால் உங்கள் மகளை இனி எதற்கும் தனியாகப் பயப்பட விடமாட்டேன். இது நான் உங்களுக்குச் செய்யும் சத்தியம். இதை மீறமாட்டேன்.

என்றும் உங்கள் சம்பந்தி,
தாரிணியின் மாமியார்,
கோமதி