தள்ளிவிட்ட பன்னிரண்டு இரவுகள்

அன்புள்ள வெண்டெல்,

மலையில் புழுதிக்காற்று. தொலைநோக்கியின் கூரையை மூன்று நாளாகத் திறக்கவில்லை.

பதினொரு வருடத்துக்கு முன் அந்த ராட்சத நட்சத்திரத்தைச் சுற்றுவதாக நான் அறிவித்த கோள் அங்கே இல்லை. அன்றைக்கே நீ சிரித்தாய்: "கோள் இழுத்து அது ஆடல, மகாராணி. கெழட்டு நட்சத்திரம், அதுவா உப்பி உப்பி மூச்சு விடுது."

அந்த ஆட்டத்தைத் தொலைநோக்கியில் நீ அளந்த பன்னிரண்டு இரவுகள் மட்டும் என் கணக்கில் உட்காரவில்லை. அவற்றைத் தள்ளிவிட்டேன். காரணம் கேட்ட இடத்தில் 'அளந்தவரின் கவனக்குறைவு' என்று எழுதினேன். அதைக் காட்டித்தான் உன்னை வேலையிலிருந்து அனுப்பினார்கள்.

போன வாரம் என் மாணவி லெட்டீசியா அந்த இரவுகளைத் திரும்பச் சேர்த்தாள். பதினொரு வருடத்து அளவுகளும் நட்சத்திரத்தின் மூச்சோடு பொருந்திவிட்டன. "எவ்ளோ கவனமா அளந்திருக்காரு! யாரு டாக்டர் இவரு? கட்டுரைல பேர் போடணுமே, இப்ப எங்க இருக்காரு?" என்றாள்.

மாதம் ஒருமுறை நம் ஆய்வகச் சமையலறைக்கு கேஸ் நிரப்ப லாரி ஓட்டி வருகிறவர் என்று எந்த வாயால் சொல்வேன்?

கோள் உண்டு என்ற அறிவிப்பைத் திரும்பப் பெற ஒரு கட்டுரை போதும். உன் வருடங்களை எதை எழுதித் திருப்பித் தருவது?

இன்று நீ வரும் நாள். இதை உன் கையில் கொடுப்பதாகத்தான் இருந்தேன். லாரி வளைவில் ஏறும் சத்தம் கேட்கிறது. பதினொரு வருடமாக, நீ வரும்போதெல்லாம் நான் நழுவிப் போகும் அதே பின்கதவைத்தான் இப்போதும் என் கண் தேடுகிறது.

இப்படிக்கு,
கவனக்குறைவானவள்