கடவுள் கடை

அரியலூர்
1945-ம் வருஷம், ஐப்பசி மாதம்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி ரத்தினம்மாள் வணங்கி எழுதுவது. நானும் உங்கள் அக்காவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். புனா ஆஸ்பத்திரியில் நீங்கள் சுகமா என்று நான் கேட்க வேண்டிய இடம் இது. கேட்கமாட்டேன். உங்கள்மேல் கோபமாக இருக்கிறேன்.

கடிதம் வந்து சேர்ந்தது. பிரித்தால் கையெழுத்து உங்களுடையது இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பெரம்பலூர் செல்லதுரை, நீங்கள் சொல்லச் சொல்லத் தாம் எழுதியதாகக் கீழே போட்டிருந்தார். பர்மாவில் குண்டு வெடித்ததையும், வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டதையும் படித்துவிட்டு நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதோம். அடுப்பு மூட்டவில்லை. அழுது முடித்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. காலைத்தானே எடுத்தார்கள், கைக்கு என்ன வந்தது? கட்டினவளுக்கு நாலு வரி எழுத ஊரார் கை வேண்டுமா?

அதிலும் கடைசி வரி. "என் பிழைப்பு கால் பிழைப்பு, அது போய்விட்டது. என்னை இல்லாதவனாக நினைத்துக்கொண்டு நீ உன் அம்மா வீட்டுக்குப் போய்விடு" என்று சொல்லி எழுத வைத்திருக்கிறீர்கள். அதை எழுதிய செல்லதுரைக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும் என்று யோசித்தீர்களா? அந்த வரியில் மட்டும் பேனா நின்று நின்று போயிருக்கிறது.

நீங்கள் சொல்வதும் நிஜம்தான். தகர டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு விக்கிரமங்கலத்திலிருந்து சந்தை சந்தையாக, திருவிழா திருவிழாவாக நடந்து கடலை உருண்டை விற்றவர் நீங்கள். வேப்பந்தட்டை வரைக்கும் நடந்தே போய் வந்து, காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்காருவீர்கள். நான் கொப்புளத்தைப் பார்த்துத் திட்டுவேன். அந்தக் காலில் ஒன்று இனி இல்லை. அதற்காக நான் அழுவேன், எப்போது வேண்டுமானாலும் அழுவேன், அதை நீங்கள் கேட்கக்கூடாது. ஆனால் பிழைப்பு போய்விட்டது என்று யார் சொன்னது?

இதுவரை உங்களுக்கு எழுதாத ஒரு செய்தி இருக்கிறது. பெண்பிள்ளை கடைத்தெருவில் உட்கார்ந்தாளா என்று கோபித்துக்கொள்வீர்கள் என்றுதான் மறைத்தேன். இந்த ஆடியில் நானும் அக்காவும் அரியலூருக்கே வந்துவிட்டோம். ஏலாக்குறிச்சி பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, கடலை உருண்டைக் கடை வைத்திருக்கிறேன்.

இடம் பார்த்தது நான்தான். சண்டையில் பெட்ரோல் இல்லாமல் போனதிலிருந்து பஸ்களுக்குப் பின்னால் அண்டா மாதிரி ஒரு கரி அடுப்பைக் கட்டி ஓட்டுகிறார்களே, அந்தப் பஸ் இங்கிருந்துதான் கிளம்புகிறது. கரி பற்றி, புகை வந்து, எஞ்சின் சூடாகிற வரைக்கும் ஜனங்கள் நிற்க வேண்டும். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், குழந்தை குட்டி வேறு. சும்மா நிற்கிற வாய்க்கு ஏதாவது வேண்டாமா? நீங்கள் ஜனங்களைத் தேடி நடந்தீர்கள். இங்கே ஜனங்கள் நம் எதிரே வந்து நிற்கிறார்கள், நாம் உட்கார்ந்திருக்கிறோம். இதை உங்கள் காலை நினைத்து நான் செய்யவில்லை, அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் இப்போது யோசித்தால் உடம்பு சிலிர்க்கிறது.

முதலில் போட்ட உருண்டையைப் பற்றிக் கேட்காதீர்கள். வெல்லப்பாகு இளம்பதத்தில் இறங்கிவிட்டது. மழைக் காற்றில் எல்லாம் சேர்ந்து ஒரே உருண்டையாகிவிட்டது. அடுத்த தடவை பயத்தில் முற்ற விட்டேன். அதை வாங்கிப்போன புகையிலைக் கடைக்காரர் திரும்பி வந்து, "ஆயி, இதை யானைக்குத்தான் கொடுக்கணும்" என்று சொல்லி ஆட்டம் கண்ட பல்லைக் காட்டினார். இப்போது பதம் பிடிபட்டுவிட்டது. தண்ணீரில் விட்ட பாகை உருட்டித் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வரவேண்டும் என்பீர்களே, அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் நீங்கள் பக்கத்தில் இருப்பதுபோல இருக்கிறது.

அம்மா வீட்டுக்கு நான் போகவில்லை. கடையை யார் பார்ப்பார்கள்? பதில் உங்கள் கையால் எழுதுங்கள்.

உங்கள்
ரத்தினம்


அரியலூர்
மார்கழி மாதம்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கார்டு வந்தது. உங்கள் கையெழுத்து. இரண்டே வரி. "பாகு முறிய விடாதே. கடை யார் பேரில்?" இதை அக்காவுக்கு எத்தனை தடவை படித்துக் காட்டினேனோ! அடுத்த தடவை படிக்க வந்தபோது, "தெரியும்டி, பாகு முறிய விடாதே" என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். படுத்துக்கொண்டே எழுதினீர்களா? எழுத்தெல்லாம் மேலே ஏறிப் போகிறது. சுகமா என்று இப்போது கேட்கிறேன். சுகமா?

கடை யார் பேரில் என்று கேட்டீர்கள். அதை நீங்கள் கேட்காமலிருந்தால் நானாக எழுதியிருக்கமாட்டேன். சிரிக்கக்கூடாது.

கடைக்கு ஒரு பலகை வேண்டும் என்று அக்கா சொன்னார்கள். உங்கள் பேரைத்தான் போட வேண்டும் என்று நான் சொன்னேன். பலகை எழுதுகிற வைரக்கண்ணு வந்த அன்று அக்கா கடலை வாங்க விக்கிரமங்கலம் போய்விட்டார்கள். கடைக்கு என்ன பேர் என்று அவர் கேட்டார். எங்க வீட்டுக்காரர் பேர் என்றேன். அவர் பேர் என்ன என்றார். நான் எப்படிச் சொல்வேன்? கட்டின நாளிலிருந்து என் வாயில் வராத பேர். உங்கள் பேரும் சாமிக்கு ஊரார் சொல்கிற பேரும் ஒன்றாய்ப் போனதால், ஒரு கஷ்டம் வந்தால்கூட மற்றவர்கள் கூப்பிடுகிற மாதிரி நான் சாமியைக் கூப்பிட்டதில்லை. "தாயே" என்பதோடு சரி. அந்த ராணுவக் கவர் வந்த அன்றைக்கும் வாய் வரைக்கும் வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

கையை மேலே காட்டி, "எல்லாருக்கும் மேல இருக்காரே, அவரு பேருதாங்க" என்றேன். "அவ்வளவுதானே, புரிஞ்சிட்டு" என்று தலையை ஆட்டிக்கொண்டு போனார். மறுநாள் பலகையைக் கொண்டுவந்து மாட்டினார். பச்சை எழுத்து, சிவப்பு ஓரம், நல்ல வேலைப்பாடு. 'கடவுள் கடலை உருண்டைக் கடை' என்று எழுதியிருந்தது.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இது இல்லை அண்ணே என்றேன். "மேல இருக்கறவருன்னா கடவுள்தானே? வேற யாரும்மா மேல இருக்கா?" என்று அவர் என்னையே கேட்டார். கூட்டம் கூடிவிட்டது. அன்றிலிருந்து கடவுள் கடை என்றால் அரியலூரில் தெரியாதவர் இல்லை. "கடவுள் கடைகிட்ட நில்லு, வந்துடறேன்" என்று பஸ்ஸுக்குப் போகிறவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஏலாக்குறிச்சி சவரிமுத்து வாத்தியார் பஸ்ஸுக்கு வந்தார். பலகையை அண்ணாந்து பார்த்தார். கோயிலுக்குப் போகிற மனுஷர், கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "என்னம்மா, கடவுள் உள்ளே இருக்காரா?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "வெளியூர் போயிருக்காருங்க, வந்துருவாரு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு உருண்டை வாங்கிக்கொண்டு, "வரட்டும்மா, நானும் வேண்டிக்கறேன்" என்று சொல்லிப் போனார்.

அக்கா திரும்பி வந்து பலகையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். தம்பி பேரை நான் சொல்கிறேன், அழித்து எழுதச் சொல் என்றார்கள். அவர்கள் சொல்லலாம், உடன்பிறந்தவர்கள். நான்தான் வேண்டாம் என்றேன். அந்தப் பேருக்கு உடையவர் வந்து வைரக்கண்ணுவிடம் சொல்லட்டும். அதுவரைக்கும் கடவுளே கடையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

எப்போது வருகிறீர்கள் என்று அடுத்த கார்டில் எழுதுங்கள். பாகைப் பற்றி எழுத வேண்டாம், அது நன்றாகத்தான் இருக்கிறது.

உங்கள்
ரத்தினம்


அரியலூர்
1946, பங்குனி மாதம்

அன்புள்ள மாமாவுக்கு,

தையிலும் மாசியிலும் நான் போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. உங்களுக்கு உடம்புக்கு என்னவோ என்று தவித்துக்கொண்டிருந்தேன். நேற்றுக் காலை கடை முன்னால் ஒருவர் வந்து நின்றார். ஒரு கையில் கட்டு, தோளில் பட்டாளத்துப் பை. பலகையைப் பார்த்துவிட்டு, "அண்ணி, நாந்தான் பெரம்பலூர் செல்லதுரை" என்றார். உட்கார வைத்து, காப்பி வாங்கி வந்து கொடுத்து, அப்புறம்தான் உங்களைப் பற்றிக் கேட்கத் துணிந்தேன்.

நீங்கள் அவரிடம் எதையும் சொல்ல வேண்டாம் என்று சொல்லி அனுப்பினீர்களாம். அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். காயம் ஆறிவிட்டதாம். கட்டைக்கால் வைத்தும் கொடுத்துவிட்டார்களாம். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டாராம். "அண்ணன்தான் வரமாட்டேங்கறாரு. நடந்து போன ஊருக்குள்ள நொண்டிக்கிட்டு எப்படி வரதுங்கறாரு. அவ ஒரு கடையத் தூக்கி நிறுத்திட்டா, அதுல நான் போயி ஒரு சுமையா உக்காரணுமாங்கறாரு" என்று சொன்னார். என் கடிதங்களைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறீர்களாம். வாத்தியார் கேட்டதை வார்டு முழுக்கப் படித்துக் காட்டிச் சிரித்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டீர்களாம். அதையும் சொல்லிவிட்டார்.

மாமா, சுமை என்றா சொன்னீர்கள்? அப்படியானால் கடை நடக்கிற லட்சணத்தைக் கேளுங்கள். பெட்ரோல் மறுபடி கிடைக்க ஆரம்பித்துவிட்டது. ஏலாக்குறிச்சி பஸ்ஸின் கரி அடுப்பைக் கழற்றிவிட்டார்கள். வந்தான், ஏற்றினான், போயிட்டான் என்று ஆகிவிட்டது. நிற்கிற ஜனமே இல்லை. எதிரே வந்து நின்று வாங்கினவர்கள் இனி நம்மைத் தேடி வந்து வாங்கினால்தான் உண்டு. எள்ளுருண்டை, பொரியுருண்டை என்று நாலு தினுசு போட வேண்டும். ஸ்டேஷன் வாசலுக்குக் கூடை அனுப்ப வேண்டும். நான் பாகைப் பார்த்தால் கடையைப் பார்க்க ஆளில்லை, கடையைப் பார்த்தால் பாகு முறிந்துபோகிறது. அக்காவுக்குச் சூட்டோடு உருட்டக் கை தாங்கவில்லை. எந்த ஊர்த் திருவிழாவில் எது போகும் என்று எனக்குத் தெரியுமா? நடந்து நடந்து தெரிந்து வைத்திருப்பவர் நீங்கள். அந்த நடை உங்கள் தலைக்குள் இருக்கிறது, அதை யாரும் வெட்டி எடுக்கவில்லை.

இன்னொன்று. சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடைக்குள் தச்சரை வைத்து ஒரு பெஞ்சும் அலமாரியும் செய்தேன். உட்கார்ந்த ஆளுக்கு எல்லாம் கைக்கு எட்ட வேண்டும் என்றேன். ஏன் என்று அவர் கேட்டதற்குச் சொல்லவில்லை. அவர் போன பிறகு என் வலது காலை மடித்துப் புடவையால் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். தராசு எட்டியது, டின் எல்லாம் எட்டியது, மேல் தட்டு மட்டும் எட்டவில்லை. அதைக் கீழே இறக்கி அடிக்கச் சொன்னேன். அந்தக் கோலத்தில் அக்கா பார்த்துவிட்டார்கள். வந்து கட்டை அவிழ்த்துவிட்டு, என் முழங்காலைத் தடவிக் கொடுத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். அந்த பெஞ்சில் இதுவரை வேறு யாரையும் உட்காரவிடவில்லை. நேற்று செல்லதுரையைக்கூடப் பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார வைத்தேன்.

புருஷன் பேரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அதற்குப் பயந்து ஊர் சிரிக்க ஒரு பலகையைத் தலைக்குமேல் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்படி நான் பொத்திப் பொத்திக் காப்பாற்றின ஆயுசை, "இல்லாதவனாக நினைத்துக்கொள்" என்று நீங்கள் ஒரே வரியில் தூக்கிப் போட்டுவிட்டீர்கள். அது நியாயமா? நீங்கள் இல்லாதவர் இல்லை. எல்லாரிடமும் வெளியூர் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

ஸ்டேஷனிலிருந்து கடைக்கு வர ஜட்காவுக்குச் சொல்லிவிட்டேன். வைரக்கண்ணுவும் சாயத்தோடு தயாராக இருக்கிறார். யாராவது நொண்டி என்று சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன், என் வாய் உங்களுக்குத் தெரியும்.

எப்போதும் கவர்மேல் விலாசத்தைப் போஸ்ட்மாஸ்டர்தான் எழுதித் தருவார். இன்று நானே எழுதிவிட்டேன். முதல் எழுத்தில் மை கொட்டிவிட்டது, பார்த்திருப்பீர்கள். மாமா என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன், நீங்கள் திரும்பவில்லை. அதனால் இந்த ஒரு தடவை மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன். ஆயுசு குறைவதானால் என் ஆயுசில் குறையட்டும். சாமி தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாலும் சரி, அவரும் கேட்கட்டும்.

ஆண்டவரே, வீட்டுக்கு வாருங்கள்.

உங்கள்
ரத்தினம்