மேட்டில் ஊதிய விசில்

அன்பு மகளே,

உன் அண்ணன் மகன் வேட் பள்ளி மல்யுத்தத்தில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தான். அவன் தங்கை ஜோலீன் வளர்த்த கிடாவுக்குக் கண்காட்சியில் முதல் பரிசு, நீல ரிப்பன் கிடைத்தது. சின்னவன் இப்போதே பேப்பர் படிக்கிறான். நான் படித்த ஐந்தாம் வகுப்பைச் சீக்கிரம் தாண்டிவிடுவான்.

இங்கே ஆடுகள் குட்டி போடுகிற நேரம். கயோட்டி நரி ஏழு ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிவிட்டது. துப்பாக்கியோடு மேட்டில் உட்கார்ந்து, கயோட்டிக் குட்டி வலியில் கத்துவதுபோல விசில் ஊதினேன். வசந்தத்தில் அந்தச் சத்தத்துக்குத் தாய் வராமல் இருக்காது. மற்ற நாளில் மோப்பம் பிடித்துச் சுற்றி வருகிற பிராணி, அன்று நேராக ஓடி வந்தது. பால் கட்டி மடி கனத்துத் தொங்கியது. நான் சுடவில்லை.

"ஏன்டி சுடல?" என்றார் உன் அப்பா.

"காத்து மாறிடுச்சு. மோப்பம் புடிச்சு ஓடிருச்சு."

"இன்னிக்குக் காத்தே இல்லையே, கெழவி."

மறுநாள் எட்டாவது குட்டியும் போனது.

கல்யாணமாகாமல் பெற்ற பிள்ளையோடு இந்த வீட்டுக்கு வராதே என்று சொன்னவள் நான். நீ அனுப்பிய குழந்தை படத்தை உறைகூடப் பிரிக்காமல் திருப்பி அனுப்பியவளும் நான்தான். குழந்தைக்கு இப்போது பல் முளைத்திருக்கும். புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு.

உன் அம்மா